அக்காவின் கவாத்து

இதை அக்கா படிக்க நேர்ந்தால் முதல் பத்தியோடு மூடி வைத்துவிடுவார். "தெரிஞ்சுபோச்சு தம்பி, போதும்" என்பார். நான் நேர் எதிர். எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட இரண்டு பேரைப் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் ஆபீசில் எதிரெதிர் மேஜையில் உட்கார வைத்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை. மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தோம்.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்குச் சாம்பிள் வேலை. ஏலத்துக்கு வரும் காயை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கை அள்ளித் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். வியாபாரி நிறம் பார்ப்பார், ஒரு காயை உடைத்து மோந்து பார்ப்பார், விலை சொல்லிவிடுவார். நான் மட்டும் தட்டில் இருக்கும் எல்லாக் காயையும் புரட்டிக்கொண்டிருப்பேன். அக்காவுக்கு எரிச்சலாக வரும்.

"ஒரு காயைப் பாத்தாத் தெரியாதா?"

"அடியில கறுத்த காய் கெடந்தா என்னக்கா செய்யிறது?"

"கெடக்கட்டும். எப்பவாவது ஒருநாள் கெடக்கும். அந்த ஒருநாளுக்காக தெனமும் மூட்டையக் கொட்டுவியா?"

நான் தட்டை மறுபடி புரட்ட ஆரம்பிப்பேன்.

யார் பேச ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்துவது அக்காவின் பழக்கம். வலது கையை டிராபிக் போலீஸ் மாதிரி தூக்குவார். கட்டப்பனையிலிருந்து ஒரு புரோக்கர் வருவார். நல்ல மனுஷர். "சேச்சி, ஒரு காரியம் பறயானுண்டு..." என்று மலையாளத்தில் சொல்ல வந்ததைத் தொடங்கிப் பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா, "லாரி நாளைக்கு வராது, அம்புட்டுத்தானே? நாளன்னைக்கு அனுப்புங்க, போதும்" என்று முடித்துவிடுவார். அவர் வந்ததும் அதற்குத்தான். சொல்லவேண்டியதைச் சொல்லாமலே வேலை முடிந்துபோன ஆள், டீயைக் குடித்துவிட்டு ஏதோ பறிகொடுத்தவர் போலப் படியிறங்குவார்.

கல்யாணத்துக்குப் போனால் அக்கா தாலி கட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். கேட்டால், "கழுத்துலதானே கட்டப்போறாக? வேற எங்க கட்டப்போறாக?" என்பார்.

ஓட்டலில் இன்னும் மோசம். சர்வர் "இட்லி, பொங்..." என்று தொடங்கியதுமே கை தூக்கிவிடுவார். "இட்லி." நான் பதினோரு ஐட்டத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, வடை சூடா என்று விசாரித்து, ரவா தோசைக்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துகொண்டு, கடைசியில் இட்லி வாங்குவேன். என் இலையில் இட்லி விழும்போது அக்கா கை கழுவியிருப்பார். "நீ பதினொண்ணையும் கேட்டுட்டு இட்லி திங்கிற. நான் ஒண்ணைக் கேட்டுட்டு இட்லி தின்னேன். ரெண்டு பேரு வயித்துலயும் இட்லிதான் இருக்கு."

இந்த அக்காதான் செஸ் எஞ்சின் எழுதினார். எஞ்சின் என்றால் செஸ் விளையாடும் புரோகிராம். ஆனால் அக்காவுக்குச் செஸ் விளையாட வராது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். குதிரை எப்படிப் போகும் என்று தெரியும், அவ்வளவுதான். "ஒருவாட்டி விளையாடிப் பாத்தேன் தம்பி. ஒரே சலிப்பு. அதான் மெஷினை விளையாடச் சொல்லிட்டேன்." நான் ஜில்லா போட்டியில் நாலைந்து தடவை விளையாடித் தோற்றவன். அதனால் எஞ்சின் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துக் குறை சொல்லும் வேலை எனக்கு வந்தது. இருவருக்கும் வீடு பழனிசெட்டிபட்டியில். சாயங்கால பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வருவோம்.

முதல் நாளே எனக்கு விளக்கினார். "இப்ப நீ நகத்துறதுக்கு முப்பது வழி இருக்குன்னு வையி. ஒவ்வொண்ணுக்கும் எதிராளிக்கு முப்பது பதில். அதுக்கு மறுபடி உனக்கு முப்பது. ஆறு நகத்தல் தாண்டுறதுக்குள்ள எழுவது கோடிக்கு மேல போயிரும். எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தா, உன்னை மாதிரி, கடை சாத்துற வரைக்கும் இட்லி வராது. கவாத்து பண்ணணும்." அக்காவின் புருஷன் வீட்டுக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். வேண்டாத கிளையை வெட்டி விடுவதற்கு அங்கே அதுதான் பேர். வேறு சொல் தேடுவானேன் என்று அதையே வைத்துக்கொண்டார்.

கவாத்தில் இரண்டு தினுசு இருக்கிறதாம். ஒன்று, தப்பே வராத கவாத்து. நான் ஒரு காயை நகர்த்த நினைக்கிறேன். அதற்கு எதிராளியிடம் என்னைக் கவிழ்க்கிற பதில் ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. அப்புறம் அதைவிட மோசமாகக் கவிழ்க்கிற பதில் இருக்கிறதா என்று ஏன் தேட வேண்டும்? அந்த நகர்த்தலை அங்கேயே விட்டுவிடலாம். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று துணிச்சல் கவாத்து. அதற்கு அக்கா வைத்த பேர் 'சும்மா விடு'. என் முறை வரும்போது நான் எதையும் நகர்த்தாமல் சும்மா விட்டால் என்ன ஆகும் என்று எஞ்சின் முதலில் பார்க்கும். சும்மா விட்டும் என் நிலைமை நன்றாகவே இருக்கிறதா? அப்படியானால் நகர்த்தினால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும். அந்தப் பக்கம் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. இந்த ஒன்றில்தான் எஞ்சினுக்கு ஓட்டமே வந்தது. பதினோரு நகர்த்தல் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தது அதே நேரத்தில் பதினாலு பார்த்தது.

அது எஞ்சினோடு நிற்கவில்லை. ஆபீசுக்கு வரும் கடிதத்தைக் கையில் எடுப்பார். "இதுக்குப் பதில் போடாம சும்மா விட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது." டிராயருக்குள் போய்விடும். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பது தடவை சரியாக இருக்கிற ஆளிடம் இருபதாவது தடவையைப் பற்றிப் பேசப் போனால் நமக்குத்தான் அசட்டுப் பட்டம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் மனசு கேட்கவில்லை. அக்காவின் மகளுக்குக் காது குத்தவில்லை.

நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தின வருஷம், குழந்தைக்கு மூன்று வயதில், மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் வைத்திருந்தார்கள். கம்பம் பக்கம் புருஷன் வீட்டுக் குலசாமி கோயில். குழந்தையை மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன், அக்காவின் ஒரே அண்ணன், வரவில்லை. உச்சி வரைக்கும் பார்த்துவிட்டு, நேர்த்திக்கடன் தப்பக்கூடாதென்று யாரோ பங்காளி மடியில் வைத்து மொட்டையை மட்டும் போட்டார்கள். காதுக்குத் தாய்மாமன் மடிதான் வேண்டும் என்று பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றதில் ஆசாரி ஊசியைத் துணியில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வீட்டு வாசலில் அண்ணன் வந்து நின்றாராம். "ஆத்தா, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஜீப்ப எடுத்தேனா..." என்று ஆரம்பித்ததும் அக்கா கையைத் தூக்கியிருக்கிறார். "ஜீப்பு ரிப்பேரு. தெரியும். போதும்." கதவைச் சாத்திவிட்டார். அதற்கப்புறம் அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சே இல்லை.

அந்த அண்ணனை எனக்குத் தெரியும். மேகமலை எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் ஆபீசுக்குத்தான் வருவார். மேலே ஏற மாட்டார். சீட்டை வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, ஜீப்பில் சாய்ந்தபடி எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கா ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டார். நான் கீழே போனால் பிடித்துக்கொள்வார். "தம்பி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, காலைல நாலு மணிக்கு முழிப்பு வந்துருச்சு. வெளிய வந்து பாத்தா ஒரே பனி..." இந்தக் கதையை ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜீப் சின்னமனூரைத் தாண்டவில்லை. அதற்குள் பஸ் வந்துவிடும். பேச்சில் நானே பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். அண்ணன் எனக்கு அப்பன்.

கூப்பிடாமல் அண்ணன் வர முடியாது. மன்னிப்புக் கேட்காமல் அக்கா கூப்பிட மாட்டார். "சும்மா விட்டா என்ன ஆகும்? காது எங்கயும் ஓடிறாது" என்றார்.

இப்படி இருக்கையில்தான் எஞ்சின் ஒரு ஆட்டம் தோற்றது. குமுளியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவரும் எஞ்சின் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு எஞ்சினையும் இன்டர்நெட்டில் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் அக்காவுடையதுதான் ஜெயிக்கும். அந்த ஆட்டத்தில் கடைசியில் இரண்டு பக்கமும் ராஜாவும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். எங்கள் எஞ்சின் 'எனக்கு ஒரு ஆபத்துமில்லை' என்று காட்டிக்கொண்டே வந்து, திடீரென்று குப்புற விழுந்தது. மறுநாள் பஸ்ஸில் அந்த இடத்தைத் திறந்து வைத்து, "எங்க தப்பு?" என்றார் அக்கா.

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "இங்கன சும்மா இருந்தாப் பொழச்சுக்கலாங்க்கா. ஆனா ஆட்டத்துல சும்மா இருக்க முடியாதே, நகத்தியே ஆகணுமே. ராஜாவை நகத்துனா சிப்பாய் போயிரும். சிப்பாயை நகத்துனா ராஜா மாட்டும். நம்ம மெஷினு, சும்மா விட்டாலும் நல்லாத்தானே இருக்கேன்னு பாக்காம விட்டிருச்சு."

அக்கா கோடாங்கிபட்டி வரும்வரை அந்த ராஜாவையும் சிப்பாயையும் மாற்றி மாற்றி நகர்த்திப் பார்த்தார். அன்றைக்கே 'சும்மா விடு'வை மொத்தமாக எடுத்துப் பார்த்தார். எஞ்சின் பழையபடி மாட்டுவண்டியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து ஆட்டத்தில் ஆறு தோல்வி. "ஒரு ஆட்டத்து மானத்தைக் காப்பாத்தப் போயி ஆறு ஆட்டத்துல மானம் போச்சு" என்று மறுபடி அதைச் சேர்த்தார். சேர்க்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். பலகையில் பெரிய காய்கள் இருக்கிறவரை சும்மா விட்டுப் பார்க்கலாம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிவிட்டால் சும்மா விடுகிற பேச்சே கூடாது, நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

"மெஷினுக்குச் சொல்லிட்டீங்க. அப்ப பாப்பா காது..." என்றேன் நான், பஸ்ஸில்.

"போதும்."

வழக்கமாக ஒரு 'போதும்' விழுந்தால் உடனே அடுத்த பேச்சு வரும். அன்றைக்கு வரவில்லை. பழனிசெட்டிபட்டியில் இறங்கும்போது அக்காவே சொன்னார். "ஸ்கூல்ல குரூப் போட்டோ எடுத்தாகளாம். காதுல ஒண்ணுமில்ல, முடியும் கிராப்பு. பாப்பாவைக் கொண்டுபோயி பையங்க வரிசையில நிறுத்திட்டாக. வந்து ஒரே அழுகை." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவரும் அழுதிருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் லீவு. சீட்டைக் கொடுக்க ஆளில்லாமல் அண்ணனே மாடிக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார். "ஆத்தா..." என்றார்.

அக்காவின் வலது கை தானாக மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் 'போதும்' கேட்கவில்லை. பார்த்தால் தூக்கிய கை அப்படியே நிற்கிறது. பிறகு மெதுவாக இறங்கி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லுண்ணே. முழுசாச் சொல்லு."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். அவர் வாழ்க்கையில் இப்படி யாரும் கேட்டதில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தங்கச்சியைப் பார்த்தார். "எங்கேருந்து?"

"நாலு மணியிலேருந்து."

நாலு மணி, முழிப்பு, பனி எல்லாம் வந்தது. மலைப்பாதையில் ஒரு காட்டெருமை குறுக்கே நின்று வழிவிட்டது. அதன் கொம்பு எவ்வளவு நீளம் என்பது வந்தது. அக்காவின் விரல் நகம் மேஜையில் வெளுத்துப்போயிற்று. இரண்டு தடவை வாய் திறந்து, பேசாமலே மூடியது. ஜீப் சின்னமனூர் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் காது கேட்க முதன்முறையாக அது சின்னமனூரைத் தாண்டப் போகிறது.

"டயரு காத்தெல்லாம் பாத்துக்கிட்டு, சொகமா ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"ஜீப்பு ரிப்பேரு இல்லையா?" என்றார் அக்கா.

"எந்த ரிப்பேரு? அந்த ஜீப்பு என்னைக்கு வழியில நின்னுருக்கு? ஏழு மணிக்கெல்லாம் சீர்த்தட்டு, மாலை, கிடாய், உன் மதினி, புள்ளைக, எல்லாரும் கோயில்ல வந்து உக்காந்தாச்சு."

"எந்தக் கோயில்ல?"

"நம்ம குலசாமி கோயில்லதான். ஜெயமங்கலத்துல."

அண்ணன் தொடர்ந்தார். "உனக்குப் புள்ள பெறக்கணும்னு அம்மா சாகுறதுக்கு முன்ன அங்கனதானே நேந்துக்கிச்சு? நீ போன்ல, ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து, காலைல கோயிலுக்கு வந்துருன்ன. எந்தக் கோயிலுன்னு கேக்க வாயத் தொறந்தேன், நீ வச்சுட்ட. சரி, நம்ம கோயிலாத்தான் இருக்கும்னு போயி உக்காந்தோம். பூசாரி வந்து, யாருய்யா நீங்க, இங்கன இன்னைக்கு ஒரு விசேசமும் இல்லையேங்குறாரு. எந்தக் கோயிலுன்னு கேக்கத்தான் ஆத்தா உனக்கு ஏழு தடவை போன் அடிச்சேன். ஏழு தடவையும் கட் பண்ணிட்ட."

"லேட்டாகும்னு சொல்றதுக்கு அடிக்கிறேன்னு நெனச்சேன்." அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அவரு போனுக்கு அடிச்சிருக்கலாம்ல?"

"அதுவும் உன் பையிலதான் இருந்துச்சாம். மாப்ளயே பெறகு சொன்னாக."

"அப்ப அவருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் ஆத்தா. உனக்குத்தான் தெரியாது."

அது நிஜம்தான். அக்காவின் வீட்டுக்காரரிடம் நானே பின்னால் கேட்டேன். "நான் அஞ்சு தடவை ஆரம்பிச்சேன் தம்பி" என்றார் பாவம். வாட்ச்மேனுக்குக்கூட முழுக்கதையும் தெரிந்திருக்கிறது.

தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். கூடப்பிறந்தவனுக்கு என்ன பெரிய அழைப்பு என்று அக்கா அதை போனில் முடித்திருந்தார், அதிலும் பாதியில். அது எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்தபோது அக்காவுக்கும் புரிந்திருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. அண்ணன் பயந்துபோய், "அம்புட்டுத்தான் ஆத்தா, முடிஞ்சுபோச்சு, நான் கெளம்புறேன்" என்று வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "அப்புறம்?"

மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணன் முகம் அப்படி மலர்ந்ததை என்னவென்று சொல்ல! தரையிலேயே நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அப்புறமென்ன, அந்தக் கிடாய்தான்" என்று ஆரம்பித்தார். சாமிக்கு நேர்ந்த கிடாயை விற்கவும் முடியாது, வீட்டுக்கு அடிக்கவும் முடியாது. திரும்ப மலைக்கே கொண்டுபோனாராம். இத்தனை வருஷமாக அது எஸ்டேட் லைன் வீடுகளில் காய்கிற துணியெல்லாம் தின்று, சூப்பர்வைசரை ஒருநாள் முட்டி, ராஜா மாதிரி திரிகிறதாம். அண்ணனும் தங்கச்சியும் பேசாமல் இருந்ததில் சந்தோஷமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான். எங்கள் பஸ்ஸும் அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டன. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரமே அக்கா புருஷனோடும் மகளோடும் வெற்றிலை பாக்குத் தட்டோடு மேகமலைக்குப் போனார். தேதி, கிழமை, ஜெயமங்கலத்தில் எந்தத் திருப்பம், எந்த மரத்தடி என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாராம். "தெரியும் ஆத்தா, போதும்" என்றாராம் அண்ணன். "போதாது, முழுசாக் கேளு" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்தாராம்.

இதோடு அக்கா மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறுநாள் கட்டப்பனைக்காரர் வந்து "சேச்சி..." என்றார். "சாக்கு பத்தாது. அனுப்புறோம். போதும்" என்றார் அக்கா. ஓட்டலிலும் முதல் இட்லியோடு சரி. எஞ்சினும் அப்படியே, அந்த ஒரு நிபந்தனையைத் தவிர.

காதுகுத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் குத்துக்குக் குழந்தை போட்ட சத்தத்தைவிட மடியில் வைத்திருந்த மாமன் போட்ட சத்தம் பெரிது. இரண்டு காதிலும் பொட்டுத் தோட்டோடு அது அழுதுகொண்டே கண்ணாடி கேட்டது. பிறகு பந்தி. கிடாய்க்கு வயசாகிவிட்டதல்லவா, எவ்வளவு நேரம் வேகவைத்தும் கறி வேகவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். நானே பாதியில் எழுந்துவிட்டேன்.

அக்கா மட்டும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லிக்கொண்டிருந்த ஏதோ ஒரு கதையைக் கேட்டபடி, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன், மென்றுகொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லிக்கொள்ளப் போனேன், அப்போதும் அதே துண்டைத்தான் மென்றுகொண்டிருந்தார்.